புகை குடிபெயர்ந்த கதை

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. டீசல் நாற்றம் இல்லை, இன்ஜின் உறுமல் இல்லை, பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் முகத்தில் கரி அப்புவதும் இல்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு இது புதிது. சென்னைத் தெருவுக்கு மின்சார வண்டி புதிதல்ல. 1895 மே 7ஆம் தேதியே இந்த ஊரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. அப்போது லண்டனிலேயே பெரும்பாலான டிராம்களைக் குதிரைகள்தான் இழுத்துக்கொண்டிருந்தன.

சென்னை டிராமுக்கு முதலில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்தை ஒட்டிப் பூமிக்குள் கால்வாய் போல ஒரு குழி அமைத்து, அதற்குள் ஓடிய கடத்தியிலிருந்து வண்டி மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. பார்வைக்கு அழகான ஏற்பாடு. ஆனால் வடகிழக்குப் பருவமழையைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. குழிக்குள் வெள்ளம் புகுந்தது, வண்டி நின்றது. வேறு வழியின்றிக் கம்பிகள் தெருவுக்கு மேலே ஏறின. தொடங்கிய நிறுவனம் நொடித்துப்போய், வேறு கைக்கு மாறி, மெல்ல நிமிர்ந்தது. 1921 வாக்கில் 97 டிராம்கள் 24 கிலோமீட்டர் தடத்தில் ஓடின. 1953 ஏப்ரலில் எல்லாம் முடிந்துபோனது.

டிராம் புகை விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கான மின்சாரம், நிலக்கரியை எரித்து, கொதிகலனில் நீராவி எழுப்பி, டைனமோவைச் சுழற்றித்தான் வந்தது. பட்டணத்தின் பொது மின்விநியோகத்துக்காகப் பின்னர் பேசின் பிரிட்ஜில் எழுந்த மின் நிலையமும் கரியைத்தான் தின்றது. வண்டியில் இல்லாத புகை அங்கே புகைபோக்கியில் இருந்தது. இதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வீட்டு அடுப்பிலிருந்து ரயில் இன்ஜின் வரை எல்லாம் புகைந்த காலத்தில் இன்னொரு புகைபோக்கி யார் கண்ணை உறுத்தும்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1900இல் அங்கே தயாரான 4,192 கார்களில் 1,575 மின்சாரக் கார்கள். அதைவிடச் சற்றுக் கூடுதலாக நீராவிக் கார்கள் இருந்தன. பெட்ரோல் கார்கள் 936தான், கடைசி இடம். மின்சாரக் காரைச் ‘சுத்தமான வண்டி’ என்று அன்று புகழ்ந்தவர்கள் நினைத்துக்கொண்டது குதிரைச் சாணத்தையும் பெட்ரோல் நெடியையும்தான். எடிசன் 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின் நிலையம் நிலக்கரியில் இயங்கியதை யாரும் அந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பும் தொல்லை ஒழிந்தது. ஃபோர்டின் மலிவான டி மாடலும் பரவிவிட, மின்சாரக் கார் மெல்லச் சந்தையிலிருந்து மறைந்தது. பெட்ரோல் காரைத் தூக்கி நிறுத்தியதில் ஒரு மின் மோட்டாருக்கும் பங்கு உண்டு என்பது வரலாற்றின் குறும்பு.

ஆக, மின்சார வண்டி சுத்தமானதா என்ற கேள்விக்கு வண்டியைப் பார்த்து விடை சொல்ல முடியாது. எந்த ஊரில், எந்த வருடத்தில், எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. நீர், பழுப்பு நிலக்கரி, கடல் கடந்து வரும் கரி, அணு, காற்று, வெயில் என்று ஒன்று விடாமல் இந்த மாநிலம் மின்சாரம் எடுத்திருக்கிறது.

நீரில் தொடங்குவோம். நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரை மலைச்சரிவில் குழாய் வழியே இறக்கி மின்சாரம் எடுக்கும் யோசனைக்கு அரசாங்கத்துக்குள் தோள் கொடுத்தவர் சென்னை மாகாண நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்த சி.பி. ராமசாமி ஐயர். இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1932இல் பைக்காரா ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூர்க்காரர்கள் வாங்கினார்கள். பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன, கிணறுகளில் மோட்டார் இறங்கியது, அந்த மோட்டாரை உள்ளூரிலேயே செய்யும் பட்டறைகளும் முளைத்தன. 1937இல் மேட்டூரும், 1940களில் பாபநாசமும் சேர்ந்துகொண்டன. 1960களில் கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது.

1935இல் கோயம்புத்தூரில் யாராவது ஒரு மின்சாரக் காரை இறக்குமதி செய்து ஓட்டியிருந்தால், அதற்குப் பின்னால் ஒரு பிடி கரிகூட எரிந்திருக்காது. அதே கார் அதே தெருவில் 1985இல் ஓடியிருந்தால் கதை வேறு. வண்டி மாறவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் மாறிவிட்டது.

மாறியதற்குக் காரணம் மழை. அணையில் தண்ணீர் இருந்தால் கரண்ட், இல்லாவிட்டால் மின்வெட்டு என்ற நிலை அரசுக்குப் பழகிப்போயிருந்தது. மலையில் நல்ல இடங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. பம்புசெட்டுகளோ லட்சக்கணக்கில் பெருகின. தெற்கே நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கரி வர வேண்டும், வரும் வழியெல்லாம் செலவு.

இந்த இடத்தில்தான் நெய்வேலி நுழைகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பது அந்த வட்டாரத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. வந்தது லிக்னைட், பழுப்பு நிலக்கரி. அவர் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் உருவானது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி லிக்னைட்டைக் கண்ணால் பார்க்கவே 1961 ஆகிவிட்டது. சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் மின்சாரம் தந்தது. ஜெர்மன் ராட்சத எந்திரங்கள் பல்சக்கரத்தால் மண்ணைக் கடித்துக் கடித்துத் துப்புவதைப் பார்க்கப் பள்ளிக்கூடங்களிலிருந்து சுற்றுலா போனார்கள்.

லிக்னைட் முழுதாக வேகாத நிலக்கரி. ஏறக்குறைய பாதி எடை ஈரம். எரிக்கும்போது அந்த ஈரத்தை உலர்த்தவே வெப்பத்தின் ஒரு பங்கு போய்விடும். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கரியமில வாயு சாதாரண நிலக்கரி தருவதை விட அதிகம். லிக்னைட் படிவத்துக்கு அடியில் வேறு நிலத்தடி நீர் அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் தாங்கும். சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியதைப் பற்றிக் கடலூர் மாவட்ட விவசாயிகள் பேசாத கூட்டம் இல்லை.

நெய்வேலி இல்லாவிட்டால் தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சி இந்த வேகத்தில் நடந்திருக்காது. இதை மறுப்பது நியாயமில்லை. அதன் விலையைச் சிலர் மட்டும் கட்டினார்கள் என்பதை மறைப்பதும் நியாயமில்லை. 2020இல் மே மாதம் ஒருமுறை, ஜூலை முதல் தேதி ஒருமுறை என இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன்களில் விபத்து நேர்ந்து தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரோடு அறுபதுகளின் பழைய நிலையம் ஓய்வு பெற்றது. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்டியபோது, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது மண் அள்ளும் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது.

கரி யுகம் கடற்கரையிலும் வளர்ந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல், தூத்துக்குடி 1979இல், வடசென்னை 1994இல். கடற்கரையை விட்டு உள்ளே மேட்டூர், 1987இல். ஒடிசாவின் தால்சேர் வயல்களில் வெட்டிய நிலக்கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் போய், கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்தது. இந்தக் கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கவே 1974இல் பூம்புகார் கப்பல் கழகம் என்று அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. பழைய பூம்புகாரின் கடல் வணிகத்தை நினைவூட்டும் பெயர் சுமந்தது என்னவோ கரியைத்தான்.

எண்ணூரின் பழைய நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதைச் சுற்றி வடசென்னை நிலையத்தின் அடுத்தடுத்த கட்டங்களும், வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் எழுந்துவிட்டன. எரிந்த கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கிறது. கசிந்தது, பல வருடம் கசிந்தது. ஆற்றுப்படுகையில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது, இறால் குறைந்தது, மீனவர்கள் வழக்குக்கு அலைந்தார்கள். கந்தக வாயுவைப் பிடிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015இல் விதி போட்டது. கெடுவை மீண்டும் மீண்டும் தள்ளிவைத்து, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்தே விலக்கு அளித்துவிட்டது.

இந்தக் கரி யுகத்தின் நடுவில்தான் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள முதல் மின்சாரக் கார் எட்டிப்பார்த்தது. 1993இல் டெல்லி வாகனக் கண்காட்சியில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு பேர் அமரும் காரை எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. கேரளத்தின் சாலக்குடியும் நம் கோயம்புத்தூரும் அதன் களங்கள். மோட்டார் தொழில் ஊறிய ஊரிலிருந்து மின்சாரக் கார் வந்ததில் வியப்பில்லை. ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர் போகும், மேடு ஏறத் திணறும். சில கார்கள் விற்றதோடு நின்றுபோனது. 2001இல் பெங்களூரில் வந்த ரேவா மின்சாரக் காருக்குக் கிடைத்த கவனம் லவ்பேர்டுக்குக் கிடைக்கவில்லை.

அது அன்று வெற்றி பெற்றிருந்தால்? கோவைக்காரர்கள் அதை ஓட்டிய கரண்டில் பெரும்பகுதி கரியிலிருந்து வந்திருக்கும், அதுவும் வந்தால்தான். 2008 முதல் ஐந்தாறு வருடங்கள் மாநிலத்தை வாட்டிய மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. கடைவீதி முழுக்க டீசல் ஜெனரேட்டர் கத்தியது. அந்த ஜெனரேட்டரில் சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டரைப் பசுமை வாகனம் என்று அழைத்தால் ஜெனரேட்டரே சிரிக்கும்.

இதற்கிடையே தெற்கில் வேறொரு வேலை ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகளைச் சோதனையாக நட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களுக்குள் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று எங்கெல்லாம் பாய்கிறது என்று அளந்து பார்த்தார்கள். ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும், செங்கோட்டைக்குக் கிழக்கே கயத்தாறு, பாலக்காட்டுக்குக் கிழக்கே உடுமலையும் பல்லடமும், கம்பம் பள்ளத்தாக்கு. அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆடிக் காற்றில் ஆலை ஓடும் என்று தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளில் காற்றாலைச் செலவை முதல் வருடமே வருமானத்திலிருந்து முழுக்கக் கழித்துக்கொள்ள வருமானவரிச் சட்டம் இடம் கொடுத்தது. திருப்பூர், கோவை மில் முதலாளிகள் முப்பந்தலில் காத்தாடி நட்டதற்குச் சுற்றுச்சூழல் பாசம் காரணமல்ல. வரியும் மிச்சம், மில்லுக்கு வேண்டிய மின்சாரமும் சொந்தம். நோக்கம் எதுவானாலும் பலன் நின்றது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அதற்குப் பிறகு வெயிலும் காற்றோடு போட்டிக்கு வந்துவிட்டது. அணுமின் நிலையங்களில் கல்பாக்கம் 1984 முதலும், கூடங்குளம் 2013 முதலும் கரியமில வாயு இல்லாத மின்சாரத்தைத் தருகின்றன. கூடங்குளத்துக்கு எதிராக இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டம் தனிப் புத்தகத்துக்கான கதை.

இனிக் கணக்குக்கு வரலாம். சின்ன மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓடச் சுமார் 14 யூனிட் வேண்டும். கம்பியில் வீணாவதையும் சேர்த்தால் மின் நிலையம் பதினாறு, பதினேழு யூனிட் தயாரிக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியாகிறது. பெருக்கினால் ஏறக்குறைய 12 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்குப் புகைக்குழாயில் மட்டும் 15 கிலோ விடும். கச்சா எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, லாரியில் பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டுவருவதையும் சேர்த்தால் 18 கிலோவைத் தொடும். ஸ்கூட்டரில் வித்தியாசம் இன்னும் கூர்மை. மின்சார ஸ்கூட்டருக்கு இரண்டரை கிலோ, பெட்ரோல் ஸ்கூட்டருக்கு நாலரைக்கு மேல்.

ஆனால் அதே காரை நெய்வேலி லிக்னைட்டில் மட்டும் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால் 12 கிலோ என்பது 20 கிலோவைத் தாண்டிவிடும். பெட்ரோல் காரே தேவலை. பைக்காராவில் மட்டும் ஓட்டினால் கிட்டத்தட்டப் பூஜ்யம். மின்சாரக் காரை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தத்தம் வசதிக்கு ஒரு மின் நிலையத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சண்டை போட முடிவது இதனால்தான். நிஜத்தில் யாருக்கும் தனிக் கம்பி இல்லை. 2013 டிசம்பர் கடைசியில் தென்னிந்திய மின் தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்துவிட்டது. அதன் பிறகு உசிலம்பட்டியில் செருகும் சார்ஜருக்குள் முப்பந்தல் காற்றும் சத்தீஸ்கர் கரியும் கலந்தேதான் வருகின்றன.

பேட்டரியை மறக்கக் கூடாது. 40 யூனிட் கொள்ளும் கார் பேட்டரியைச் செய்வதற்குள் மூன்று டன் அளவில் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அந்தக் கடனை இந்திய மின்சாரத்தில் ஓடி அடைக்க ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர் ஆகும். வாடகைக் கார் ஓட்டுநர் ஒரு வருடத்தில் அந்தத் தூரத்தைக் கடந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் பெரிய மின்சார எஸ்யூவியோ, பேட்டரி பழசாகும் வரை கடனிலேயே கிடக்கலாம். மானியத்தை எங்கே கொடுப்பது என்றால், நாள் முழுக்க ஓடும் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் டெலிவரி ஸ்கூட்டருக்கும் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

கரியமில வாயு எங்கே வெளியானாலும் பூமிக்கு ஒன்றுதான். நுரையீரலுக்கு அப்படி இல்லை. அண்ணா சாலையில் டீசல் புகை மனிதர்களின் மூக்கு உயரத்தில் வெளியேறுகிறது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி 220 மீட்டர், 275 மீட்டர் உயரத்தில், நகரத்துக்கு வெளியே இருக்கிறது. அந்த வகையில் மின்சாரப் பேருந்து பட்டணத்துக்குப் பெரிய நன்மை. ஆனால் நகரத்துக்கு வெளியே என்பது யாருக்கோ ஊருக்கு உள்ளே. எண்ணூர்ப் பக்கத்து அத்திப்பட்டுக்காரர்களும் செப்பாக்கத்துக்காரர்களும் மின்சாரக் காரின் விளம்பரத்தில் வரும் நீல வானத்துக்குக் கீழே வசிக்கவில்லை.

தூத்துக்குடியில் இந்த முரண் ஒரே ஊருக்குள் வந்து நிற்கிறது. அங்கே 1,050 மெகாவாட் கரி நிலையம் இருக்கிறது, மாநிலம் காற்றாலையைச் சோதித்துப் பார்த்த முள்ளக்காடு இருக்கிறது, 2025 ஆகஸ்டில் திறந்த வியட்நாம் நிறுவனம் வின்ஃபாஸ்டின் மின்சாரக் கார் ஆலையும் இருக்கிறது. வடக்கே ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் டிவிஎஸ், ஏத்தர், ஓலா ஆலைகளிலிருந்து ஸ்கூட்டர்கள் லாரி லாரியாகப் போகின்றன. வண்டி செய்வதில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. வண்டிக்குப் போடும் தீனியை மாற்றுவதில் வேகம் அவ்வளவு இல்லை.

இப்போது சிக்கல் எந்த நேரத்தில் சார்ஜ் போடுவது என்பதில் வந்து நிற்கிறது. நண்பகலில் வெயில் மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது. மாலை ஆறு மணிக்கு அது சட்டென்று விழ, அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் ஏசியும் எரிய, கரி நிலையங்களை முடுக்க வேண்டியிருக்கிறது. அலுவலகம் முடிந்து வருபவர் வண்டியை நிறுத்திச் சார்ஜரைச் செருகுவதும் அந்த நேரத்தில்தான். 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அலுவலக வாசலிலும் ரயில் நிலைய வாகன நிறுத்தத்திலும் பகலில் சார்ஜ் போட வழி இருந்தால் வண்டி வெயிலில் ஓடும். இல்லாவிட்டால் கரியில் ஓடும். சூரிய ஒளி நேரத்தில் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மத்திய அரசு 2023இல் விதி கொண்டுவந்தது இதற்காகத்தான். பகலெல்லாம் தெருவில் ஓடிவிட்டு இரவில் பணிமனைக்குத் திரும்பும் பேருந்துகளுக்கு அந்த வழியும் கிடையாது. அவற்றுக்கு ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில்தான் கொஞ்சம் நல்ல மின்சாரம்.

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் வித்தை இந்த மாநிலத்துக்குத் தெரியாததல்ல. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980களின் இறுதியிலேயே 400 மெகாவாட் திறனோடு தயாராகிவிட்டது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு எந்திரத்தைச் சுழற்றும் ஏற்பாடு. அதைக் கட்டியபோது மிஞ்சியது நள்ளிரவின் கரி மின்சாரம். இப்போது மிஞ்சுவது நண்பகல் வெயில். அதே முறையில் நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் நிலையம் கட்டும் வேலை பல வருடங்களாக நடந்துகொண்டிருக்கிறது.